சாம்பலை ஏற்காத கப்பல்

என் ஆசை அண்ணா,

உனக்குத் தபால் போட விலாசம் இல்லை. அதனால் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஊர் முழுக்கப் படிக்கட்டும். எனக்கு இப்போது வெட்கம் கிடையாது, கோபம்தான் இருக்கிறது.

முதல் கோபம் உன்மேல். முல்லைத்தீவில் கரைவலை இழுக்கிற வீட்டில் பிறந்தவர்கள் நாம். ஓடுகிற கயிற்றின் வளையத்துக்குள் கால் வைக்காதே என்று, நடக்கப் பழகும்போதே நம் ஐயா அடித்துச் சொன்னாரே. நீ எப்படி வைத்தாய்?

நீ வேலை செய்த, கடலை அளக்கிற கப்பலில் சமையல் வேலை செய்த ஹனிபா நானா வந்து எல்லாம் சொன்னார். நீ கடைசியாக லீவில் வந்தபோது கிணற்றில் செய்து காட்டினாயே, அதே வேலைதானாம். அடியில் அம்மிக்குழவி, அதிலிருந்து மேலே கயிறு, கயிற்றை நிமிர்த்திப் பிடிக்க ஒரு வெறும் தகரப்பேணி. குழவியைக் காணாமல் அம்மா உன்னை ஏசினார். அங்கே, பனிக்கட்டி மிதக்கிற தென்கடலில், குழவிக்குப் பதில் பெரிய இரும்பு. கயிறு மைல் கணக்கில். இடையிடையே கடலின் சூட்டையும் ஓட்டத்தையும் அளக்கிற கருவிகள். இரும்பு இறங்கும்போது ஒரு கருவி கப்பல் விளிம்பில் மோதப் போனதாம். கப்பலின் வெள்ளைக்காரத் துரை கத்த, நீ வளையத்துக்குள் பாய்ந்து அதைத் தள்ளிவிட்டாயாம். இரும்பு உன்னையும் கொண்டு போய்விட்டது.

"கருவிக்கு ஒண்டுமில்லை, தங்கச்சி" என்று சொல்லிவிட்டு நானா அழுதார். கயிற்றை வெட்ட அத்தனை பேரில் ஒருவருக்கும் கை வரவில்லையா அண்ணா?

உடல் இல்லாததால் தர்ப்பையில் உன் உருவம் செய்து எரித்தோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று சாம்பலை எங்கள் கடலில் கரைக்கச் சொன்னார் ஐயர். நான் விடவில்லை. நீ கிடக்கிற இடம் யாருக்கும் தெரியாவிட்டால் சரி. கப்பல்காரருக்குத் தெரியுமே. கருவிகளை எடுத்து மாற்ற ஒவ்வொரு வருடமும் அதே இடத்துக்குத்தானே போகிறார்கள்?

கப்பல் திருகோணமலைக்கு வந்திருக்கிறது என்று நானா சொன்னதும் சாம்பலை அடைத்த மண்முட்டியோடு பஸ் ஏறினேன். ஒட்டுசுட்டான் தாண்டும்போது கொண்டக்டர், "என்ன தங்கச்சி, தயிரோ?" என்றான். "அண்ணா" என்றேன். வவுனியா வரை அவன் என் பக்கம் வரவில்லை.

சாம்பலை நீ விழுந்த இடத்தில் கரைக்கச் சொல்லிக் கேட்டேன். துரை இங்கிலீசில் மரியாதையாகத்தான் பேசினார். பக்கத்தில் நின்ற கிளாக்கர் அதைத் தமிழில் சொன்னார்: "அந்த இடத்துத் தண்ணியில வேற சாமான் ஒண்டும் போடேலாதாம், தங்கச்சி. அளவு பிழைச்சுப்போகுமாம். கன வருஷத்துக்கு அளக்க வேணுமாம்."

"அப்ப என்ரை அண்ணாவைப் போட்டது? அதைத் துரையிட்டைக் கேளுங்கோ."

கிளாக்கர் அதைத் துரையிடம் கேட்கவில்லை. ஒரு பிடி சாம்பலில் கெட்டுப்போகிற கடல், ஒரு மனிதனை விழுங்கியதில் கெடவில்லையா? உன் உடம்புச் சூட்டை அந்தக் கருவி அளந்திருக்குமா? அளந்திருந்தால் பிழை என்று அந்த அளவை வெட்டியிருப்பார்கள்.

சாம்பலை வீட்டுக்குள் வைக்கக்கூடாது. அதனால் முட்டியை முற்றத்துப் பூவரசில் கட்டியிருக்கிறேன். "செத்தவனை மரத்தில தொங்கவிட்டு வைச்சிருக்கிறியே, அவன் எங்கை போறது?" என்று அம்மா தினமும் ஏசுகிறார். சாம்பல் கரைக்காத வீடு தீட்டுக் கழியாத துடக்கு வீடாம். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு இந்த வைகாசியில் எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை. அம்மன் கோபித்தால் என்னோடு கோபிக்கட்டும்.

அவர்கள் கன வருடம் அளக்கட்டும் அண்ணா. கப்பல் வருகிற ஒவ்வொரு முறையும் நான் முட்டியோடு அங்கே போய் நிற்பேன். உன் சாம்பல் உன்னிடம் வந்து சேரும், இது சத்தியம். பள்ளிக்கூடத்து ரீச்சரிடம் இங்கிலீசு படிக்கத் தொடங்கியிருக்கிறேன். கிளாக்கர் கேட்காத அந்த ஒரு கேள்வியைக் கேட்கிற அளவுக்குப் படித்தால் போதும். அடுத்த முறை துரையின் முகத்தைப் பார்த்து நானே கேட்பேன்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
முல்லைத்தீவு