ஞாயிற்றுக்கிழமைக் கசிவு

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது.

இங்கே மாடியில் மூன்று பேர், கீழே இரண்டு பேர், ஆக ஐந்து பேரும் சுகம். அப்பாவின் இடது கண்ணில் மட்டும் ஒரு கட்டு, பயப்படாதே, அதைப் பிறகு சொல்கிறேன். உன் தொண்டை வலி போயிற்றா, உட்கார்ந்து சாப்பிடுகிறாயா, இல்லை நின்றபடியே ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஓடுகிறாயா என்று தெரிந்தால்தான் எனக்கு இங்கே சாப்பாடு இறங்கும். போனில் கேட்டால் எல்லாம் நல்லாருக்கும்மா என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாய். என்னாலும் போனில் ஒன்றும் சொல்ல முடியாது, கூடத்தில் நின்று பேசினால் மாடிப்படி வழியாக அப்படியே மேலே கேட்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். படித்துவிட்டுப் பத்திரமாக வை, ஆனால் அண்ணனிடம் மூச்சு விடாதே.

நாலு மாதத்துக்கு முன்னால் உன் ஆபீஸ் பயிற்சி வகுப்பில் கொடுத்ததென்று ஒரு தாள் அனுப்பினாயே, குடும்பமாகச் சேர்ந்து ஓர் இலக்கு வைத்துக்கொண்டால் நெருக்கம் கூடும் என்று போட்டு, கீழே இலக்கு, பொறுப்பாளர், முடிக்கும் தேதி என்று மூன்று கட்டம். பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்பாவும் அண்ணனும் பேசிக்கொள்வதில்லை என்று உனக்குத் தெரியும், ஏன் என்று நான் முழுதாகச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். முப்பத்து நாலு வருஷம் பஸ் ஓட்டியும் ஒரு கீறல் விழாத மனுஷன், நீ கிளம்பிப் போன வருஷம் நம் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது எதிர்வீட்டுப் பல் டாக்டரின் கேட்டை இடித்துவிட்டார். அடுத்த மாதமே அதே கேட்டை இன்னொரு தடவை. அன்றைக்கு அண்ணியின் வீட்டார் வேறு வந்திருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே அண்ணன், உங்களுக்குக் கண்ணு தெரியல, இனிமே வண்டியைத் தொடாதீங்க என்று ஆணியில் தொங்கின சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அப்பா, சரிங்க சார் என்று ஒரே வார்த்தை சொன்னார். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது. இரண்டு வருஷம் ஆகிறது. தினமும் காலையில் சாவியில்லாத காரில் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, பேப்பரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மேல இருக்கறவங்ககிட்ட சொல்லு என்பார், அவன் கீழ கேட்டுச் சொல்லும்மா என்பான். நடுவில் நான் ஒரு தபால் பெட்டி.

நீ தாள் அனுப்பின அதே வாரம் அண்ணன் வந்து, அவனுடைய குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு அமைந்துவிட்டது, இரண்டு மாதத்தில் முதல் தேதி பார்த்துப் போகிறோம் என்றான். ஒரே கூரைக்குக் கீழே பேசாதவர்கள் வேறு வேறு கூரைக்குப் போனால் இனி எந்த ஜென்மத்தில் பேசுவார்கள், பேத்தி வாலுவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அப்பா யாரோடு சண்டை போடுவார். அந்தக் கலக்கத்தில்தான் உன் தாளைக் கையில் எடுத்தேன். முதல் இலக்கு, எல்லோரும் காலையில் சேர்ந்து நடப்பது. இரண்டு நாள் நடந்தது, மூன்றாம் நாள் அப்பாவுக்கு முழங்கால், அண்ணனுக்கு அவசர வேலை, அண்ணிக்கு மருந்துக்கடையில் காலை ஷிப்ட், நானும் வாலுவும் மட்டும் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்தோம். இரண்டாவது, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போன் இல்லாமல் உட்காருவது. போன் இல்லாமல்தான் உட்கார்ந்தோம், பேச்சும் இல்லாமல் உட்கார்ந்தோம், கரண்டி சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கே போனை எடுத்துப் பார்க்கலாம் போல ஆகிவிட்டது. போதுமடா சாமி என்று தாளை மடித்து வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து நம் வீட்டு மீட்டர் வேலையைக் காட்டியது. இருபத்தாறு வருஷமாக ஊரார் வீட்டுத் தண்ணீர் மீட்டரைக் குனிந்து குனிந்து படிக்கிறேன், மூடியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்ற ஆசை இன்றைக்கும் எனக்கு அடங்கவில்லை, ஆனால் நம் தெரு என் வட்டாரத்தில் சேராததால் நம் வீட்டு மூடியை மட்டும் நான் தொட்டதே இல்லை. பக்கத்து வட்டாரத்துக்காரர் வந்து படித்துவிட்டு, அக்கா ஊருக்கெல்லாம் கசிவு பத்திப் பாடம் எடுக்கறீங்க, உங்க வீட்லயே ராட்டினம் சுத்துது பாருங்க என்று சிரித்தார். மீட்டர் முகத்தில் நட்சத்திரம் மாதிரி ஒரு சின்னச் சிவப்புச் சக்கரம் இருக்கும், சொட்டுத் தண்ணீர் போனாலும் அது சுற்றும், அதைத்தான் நாங்கள் ராட்டினம் என்போம். எல்லாக் குழாயையும் மூடியபிறகும் அது சுற்றினால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். எனக்கு மானமே போயிற்று. அண்ணனிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, கசியற வீட்டை அப்படியே விட்டுட்டு எப்படிம்மா போறது, கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டுப் போறேன் என்றான்.

எல்லோரும் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமைதான். பத்து மணியிலிருந்து பதினொன்று வரை மேலேயும் கீழேயும் யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று முடிவாயிற்று. வேலையில்லாத ஒரு மணி நேரம் வேறு எங்கே போவது, எல்லோரும் வாசல் படியில் மீட்டரைச் சுற்றி உட்கார்ந்தோம். அண்ணி பிஸ்கட் கொண்டுவந்தாள், வாலு ஒரு நோட்டைத் திறந்து தேதி போட்டாள், அப்பாவும் காரைவிட்டு இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு வாரமும் ஒரு பக்கத்துக் குழாயை அடைத்துப் பார்த்தோம், முதலில் மாடி, அப்புறம் சமையலறை. இரண்டாவது ஞாயிறு அப்பா குனிந்து பார்த்து, நின்னுடுச்சு என்றார். சக்கரம் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அண்ணன் முகத்தைத்தான் பார்த்தேன், இப்போது ஒரு வார்த்தை சொல்லிக் காட்டினான் என்றால் எல்லாம் தொலைந்தது என்று. அவன் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு பெரிய டார்ச் கொண்டுவந்து அப்பாவின் காலருகில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். அப்பா டார்ச்சை எடுக்கவில்லை, ஆனால் அன்றிலிருந்து சுத்துதா என்று வாலுவைக் கேட்க ஆரம்பித்தார்.

அந்த மூன்றாவது வாரமே கசிவு அகப்பட்டுவிட்டது. நம் கீழ்க் குளியலறை ஃபிளஷ் டேங்கில் ரப்பர் இறுகிப்போயிருந்தது, அவ்வளவுதான். அண்ணன் பத்து நிமிஷத்தில் மாற்றினான். அடுத்த ஞாயிறு கடைசியா ஒரு தடவை பாத்துட்டா போதும், அப்புறம் சாமான் கட்டலாம் என்றான். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். கசிவை அடைத்ததற்கு அழுத ஒரே மீட்டர்க்காரி நானாகத்தான் இருப்பேன்.

நாலாவது ஞாயிறு மூடியைத் திறக்கிறோம், சக்கரம் சுற்றுகிறது. அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். வேற எங்கேயோ ஒழுகுது போல, இந்த முதல் தேதி வேணாம், அடுத்த மாசம் பாத்துக்கலாம் என்றான். எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், குடைச்சல் ஒரு பக்கம். ஏனென்றால் டேங்க் ஒழுகும்போது சக்கரம் விட்டு விட்டுச் சுற்றும், இதுவோ சீராகச் சுற்றியது, யாரோ அளந்து திறந்துவிட்ட மாதிரி. திங்கட்கிழமை வேலைக்குப் போகுமுன் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பார்த்தேன், அசையாமல் நின்றது. செவ்வாய் நின்றது, வெள்ளியும் நின்றது. ஞாயிறு காலை சுற்றியது. கசிவு கிழமை பார்த்து வேலைக்கு வருமா, நீயே சொல். எனக்கு மண்டை வெடிக்காத குறை. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் துணி எடுக்கிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். உன் அப்பா ஒரு ஸ்பேனரை வேட்டிக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு வருகிறார். பின்சுவரோரம் முழங்கால் உயரத்தில் குழாயைக் காலி செய்வதற்கென்று வைத்த ஒரு பழைய திருகு இருக்கிறது, வீடு கட்டினபோது அவர்தான் கூட நின்று போட வைத்தார். வலிக்கிற முழங்காலை மடக்கி உட்கார்ந்து, கையால் தடவித் தடவித் திருகைப் பிடித்து, மயிரிழை அளவுக்குத் திறந்துவிட்டு, சாக்கடையில் சொட்டு விழுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் போனார். போகாதே என்று மகனிடம் சொல்ல அந்த மனுஷனுக்குத் தெரிந்த வழி அதுதான்.

நான் கேட்கவில்லை. சும்மாவும் இருக்க முடியவில்லை, தண்ணீர் வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் என் உத்தியோகத்துக்கே அவமானம். அவர் போனதும் கைப்பிடி உடைந்த நீல வாளியைக் கொண்டுபோய் அடியில் வைத்தேன். மறுநாள் மத்தியானம் அவர் திருகை இறுக்கிவிட்டு வந்ததும் அந்தத் தண்ணீரில் தரை துடைத்தேன். வாளி எப்படி வந்தது என்று அவரும் கேட்கவில்லை. இப்படியே மூன்று ஞாயிறு போயிற்று. படியில் உட்கார்ந்து அண்ணி கடையில் நடந்த கூத்தெல்லாம் சொல்லுவாள், அண்ணன் சிரிப்பான், அந்தச் சிரிப்புக்கு அப்பாவும் சிரிப்பார், இருவரும் சக்கரத்தைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். ஆனால் கடைசிப் படியில் இருந்தவர் மேல்படிக்கு வந்துவிட்டார். ஒரு நாள் அவராகவே என்னிடம், எனக்கு அந்தச் சக்கரம் தெரியலடி, டாக்டர்கிட்ட போகலாமா என்றார். இரண்டு வருஷமாக நான் கெஞ்சியும் வராதவர். கண்புரை முற்றியிருக்கிறது, உடனே எடுக்க வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு அண்ணன்தான் காரை ஓட்டினான், அப்பா பின்னால் உட்கார்ந்தார். ஆனால் இறங்கும்போது அவன் கையை நீட்டினான், அவர் பிடித்துக்கொண்டார்.

ஆபரேஷன் போன வெள்ளிக்கிழமை நல்லபடியாக முடிந்தது. ஒரு வாரம் குனியக்கூடாது, கண்ணில் தண்ணீர் படக்கூடாது. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது, சனிக்கிழமை யார் திருகைத் திறப்பது. திறக்காவிட்டால் சக்கரம் நிற்கும், நின்றால் அவன் கிளம்புவான். ஞாயிறு விடிந்ததும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவு வரை போனேன். என் கை வரவில்லை, குட்டி. ஊரார் வீட்டுக் கசிவையெல்லாம் எழுதிக்கொடுத்து அடைக்க வைத்தவள், என் வீட்டுக் குழாயை நானே எப்படித் திறப்பேன். வைத்துவிட்டு வந்து, நடப்பது நடக்கட்டும் என்று படியில் உட்கார்ந்தேன். அப்பாவுக்கு நாற்காலி போட்டிருந்தோம், கறுப்புக் கண்ணாடியோடு நேராக உட்கார்ந்திருந்தார். அண்ணன் மூடியைத் திறந்தான். அப்பா வழக்கம்போல யாரையும் பார்க்காமல் சுத்துதா என்று கேட்டார். வாலு நோட்டை மூடிக்கொண்டு தன் அப்பாவைப் பார்த்தாள். அண்ணன் நிமிர்ந்து நேராக அவரைப் பார்த்து, சுத்துதுப்பா, அடுத்த வாரம் பாக்கலாம், நீங்க குனியாதீங்க என்றான். அப்பா நாற்காலியில் அவன் பக்கம் திரும்பி, அவசரமில்லப்பா, மெதுவா பாக்கலாம் என்றார்.

எல்லோரும் உள்ளே போனதும் என்னைக் கூப்பிட்டு, நீயா திறந்தே என்று கேட்டார். நான் இல்லை என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே ஈரம் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் படக்கூடாதென்று டாக்டர் சொன்னாரே என்று பஞ்சை எடுத்து ஒற்றிவிட்டேன். பிறகு என் புத்தி சும்மா இருக்குமா, கொல்லைப்பக்கம் ஓடினேன். திருகுக்கு அடியில் என் நீல வாளி இல்லை, மாடியில் துணி ஊறவைக்கிற வெள்ளைத் தொட்டி இருந்தது, அதில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. திறந்தது அண்ணனா, அண்ணியா, இருவரும் சேர்ந்தா என்று இன்றுவரை தெரியவில்லை, தெரிந்துகொள்ளாமல் இருக்க நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். கண்ணுக்கே தெரியாத வாயு ஒழுகுவதைச் சோப்பு நுரை தடவிக் கண்டுபிடிக்கிறவன் அவன், நம் கொல்லைச் சுவரில் சொட்டுகிற குழாய் அவனுக்கு இத்தனை வாரம் தெரியவில்லையாம், நான் நம்ப வேண்டுமாம். நேற்று பாத்திரம் கழுவும்போது அண்ணி, அந்த வீட்ட வேற யாருக்கோ குடுத்துட்டாங்களாம் அத்தை என்றாள். அப்படியா, அடடா என்றேன். இருவரும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

உன் தாளை இதோடு வைத்திருக்கிறேன். இலக்கு என்ற கட்டத்தில் கசிவைக் கண்டுபிடிப்பது என்று எழுதியிருக்கிறேன். பொறுப்பாளர் கட்டத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று, அப்பா கட்டோடு கோணல்மாணலாகப் போட்டிருக்கிறார், உனக்கும் இடம் விட்டிருக்கிறேன், போட்டு அனுப்பு. முடிக்கும் தேதிக் கட்டத்தை மட்டும் நீயும் நிரப்பாதே. ஞாயிற்றுக்கிழமை எங்கள் பத்து மணிக்கு உனக்கு என்ன வேலை இருந்தாலும் உன் வீட்டுக் குழாயை மூடிவிட்டுப் போனில் வந்து எங்களோடு உட்கார். நல்லா இரு, நோய்நொடி அண்டாமல் இரு, உன் கைபட்டதெல்லாம் துலங்கட்டும். தொண்டைக்கு வெந்நீர் குடி, மறக்காதே. அண்ணன் பேசும்போது கசிவு எங்கே என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியாது என்று சொல். அவனுக்கும் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. இந்த வீட்டில் யாருக்குமே தெரியாது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா