பாலைவனத்தைப் பற்றி நான் நடத்திய பாடம்

3.3.1984, சனி
வழக்கம்போல் உமாபதி வந்தார். தஞ்சோங் காராங் பாசன வாய்க்கால் மதகுகள் அவர் பொறுப்பு; பள்ளிக்கூட மழைமானி என் பொறுப்பு. ஆறு வருடமாகச் சனிக்கிழமைகளில் இருவர் அளவையும் ஒப்பிடுகிறோம். மனைவியை இழந்தவரும் கல்யாணமே ஆகாதவளும் மழையை விட்டால் வேறு எதைப் பேசுவது?

இன்று வேறு பேச்சு. அவருக்குச் சவூதியில் கோதுமை வயலுக்கு நீர் பாய்ச்சும் வேலை வந்திருக்கிறதாம், இரண்டு வருடம். பதினேழாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நம்ம ஊர்ல வெயில் ஏறினா சாயங்காலம் மழை கொட்டுது. அங்க இதைவிட வெயிலு, ஒரு சொட்டு இல்லங்கிறாங்க. ஏன் டீச்சர்?"

கேள்வி என்று வந்தால் எனக்குக் கை அரிக்கும். மேசையில் விரலால் வரைந்தேன். பூமத்திய ரேகையருகே சூடான காற்று மேலே ஏறிக் குளிர்ந்து, நீரையெல்லாம் நம் தலையில் கொட்டிவிடுகிறது. வறண்டபின் உயரத்திலேயே வடக்கே போய், அங்கே கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகும், மேகம் சேராது. அதனால்தான் கடலோரத்தில்கூடப் பாலைவனம்.

"அப்ப அவங்க காயிறதுக்கு நாமதான் காரணமா?"

"ஒரு வகையில்."

முகம் வாடிவிட்டது. பாடம் புரியவில்லையோ?

4.3
பாலைவனங்கள் இருப்பது அட்சரேகை பதினைந்திலிருந்து முப்பது வரை. நேற்றுச் சொல்ல மறந்துவிட்டேன்.

10.3, சனி
ரவாங்கிலிருந்து தங்கை தங்கமணி வந்திருந்தாள். உமாபதி மறுபடியும் கேட்டார்: "போனா எப்படி இருக்கும் டீச்சர்?" ஆரஞ்சுப் பழத்தை உருட்டி விளக்கினேன். ஆஸ்திரேலியாவையும் விடவில்லை. மழை அளவைக்கூடக் கேட்காமல் கிளம்பிவிட்டார்.

தங்கமணி பழத்தை உரித்துத் தின்றுகொண்டே, "காத்தப் பத்தியா கேட்டாரு? போகாதீங்கன்னு நீ சொல்லணும்னு வந்திருக்காரு லா. யுனிவர்சிட்டி போய் என்னத்த படிச்ச?" என்றாள்.

புவியியல். இரண்டாம் வகுப்பில் தேறினேன்.

13.3
அபத்தம். ஆதாரம் எங்கே?

ஆதாரம்: மழை அளவைத் தபால் அட்டையில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஒன்பது மைல் மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். மழையிலும்.

16.3
நாளை கடைசி நாள். ஒத்திகை பார்த்தேன். "காரணங்கள் மூன்று" என்று ஆரம்பிக்கிறது. கடவுளே. நாப்பத்தெட்டு வயசுல இதெல்லாம் — சிரிப்பாரோ? சிரிச்சா சிரிக்கட்டுமே.

17.3, சனி
அவர் உட்காருமுன்பே சொல்லிவிட்டேன்: "போகாதீங்க." காரணம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "முந்தியே சொல்லியிருந்தா பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிச்சிருக்க மாட்டேனே டீச்சர்."

2.6.1984, சனி
சந்தைக்குப் போனோம். கண் வெளுத்த பழைய மீனாகப் பார்த்து எடுத்தார். நான் ஒன்றும் விளக்கவில்லை. பையை விரித்துப் பிடித்தேன். குழம்பு சகிக்கவில்லை. இருவரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.