சிவப்புப் புள்ளி வைத்த போல்ட்

தானிஷ் அத்தா,

வண்டிச் சாவியைத் தேடாதீங்க. நான் ஷிப்டுக்கு எடுத்துட்டுப் போறேன்.

காலையில வாசலெல்லாம் ஆயில். குனிஞ்சு பார்த்தா, கொசுவலை பறக்காம இருக்க ஓரத்துல கனத்துக்குக் கட்டலாம்னு நான் கம்பெனியில கேட்டு வாங்கிட்டு வந்த போல்ட்டையெல்லாம் வண்டிக்கு அடியில, பின்சக்கரத்துக்கு நடுவுல இருக்கிற டிஃபரன்ஷியல் ஆயில் மூடியில மாட்டியிருக்கீங்க! எழுப்பிக் கேட்டா, "உன் கம்பெனி போல்ட்டுதானே, கெட்டியாத்தான் இருக்கும்"னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டீங்க.

தலையில இருக்கிற சிவப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரியலையா? மரை சரியில்லாத போல்ட்டுக்குத்தான் அதை வைப்போம். வைக்கிறதே நான்தான்! அதை நம்பி நேத்து தானிஷையும் உட்கார வச்சுக்கிட்டு, தேன்கனிக்கோட்டையிலிருந்து தக்காளி லோடு ஏத்திட்டு வந்திருக்கீங்க.

தேஞ்சு போச்சுன்னு நீங்க கழட்டின பழைய போல்ட் ஜன்னல்ல கிடக்கு. ஒண்ணைக் கடைக்கு எடுத்துட்டுப் போய், அதே நீளம், அதே மரையில புதுசா வாங்குங்க. கொஞ்சம் நீளமா இருந்தாலும் பரவாயில்லைன்னு வாங்கிட்டு வராதீங்க. மாட்டினப்புறம் நான் குனிஞ்சு பார்ப்பேன். ஒழுகலைன்னாதான் சாவி.

குஸ்கா ஹாட்பாக்ஸ்ல இருக்கு. ஆறிடும், சாப்பிடுங்க.

தஸ்லிம்

கோபம் இன்னும் தீரலை. நான் வேணாம்னு ஒதுக்கின போல்ட்டை நம்புறீங்க, நான் வேணாம்னு சொல்ற பேச்சை மட்டும் நம்ப மாட்டேங்கறீங்க. இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா, உங்களுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி வச்சு ஸ்கிராப்ல போட்டுடுவேன்.