துப்பாத குப்பி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் நெஞ்சுப் படபடப்பு எப்படி இருக்கிறது? "ஒண்ணுமில்ல" என்று எழுதினால் நம்பமாட்டேன்.

இங்கே சலவைக்கூடத்தில் ஒரு வேடிக்கை. சூப்பர்வைசர் ஆளுக்கொரு டப்பா கொடுத்தார். உள்ளே ஒரு குப்பி. தங்கும் அறையிலேயே அதில் எச்சில் துப்பிக் கொடுத்தால், பரம்பரையாக என்னென்ன நோய் வரலாம் என்று பார்த்துச் சொல்வார்களாம். "ரிசல்ட் யார் கைக்கு வரும்?" என்று கேட்டேன்.

"கம்பெனிக்குத்தான்" என்றார்.

"அப்ப எங்க அப்பாவக் கேட்டுட்டுத்தான் துப்புவேன். என் உடம்புல பாதி அவரோடது."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், இஸ்திரி போடும் அக்கா, "என் உடம்புல எங்க அம்மாவோடதும் இருக்குல்ல!" என்று தன் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் சூப்பர்வைசர் மேஜையில் துப்பாமலே திரும்பி வந்த பதினெட்டு டப்பா! நேற்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்: ரிசல்ட் அவரவர் கைக்கு மட்டுமே. "வாயக் குடுத்து மாட்டிக்காத" என்று வழியனுப்பினீர்களே. வாயைக் கொடுத்தேன், மாட்டிக்கொள்ளவில்லை!

என் டப்பா தலைமாட்டில் இருக்கிறது. தெரிந்துகொள்ள ஆசைதான், பயமும்தான். உங்களுக்கும் அத்தைக்கும் படபடப்பு எந்த வயதில் தொடங்கியது என்று எழுதுங்கள், டெஸ்ட் பார்க்கும் டாக்டர் கேட்பார். போனில் சொல்ல வேண்டாம், கையால் எழுதுங்கள், நாலு பக்கமாவது.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் ஹாரன் அடிக்கிறது. நீங்கள் சரி என்றால் துப்புகிறேன். ஆனால் ரிசல்ட் வந்தாலும் உறையைப் பிரிக்கமாட்டேன். லீவில் வந்து, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் பிரிப்பேன்.

உங்கள் வாயாடி