நுரை அள்ளும் வேலை

வடமேற்கு நியூ ஜெர்சி
மார்ச் 9

அன்புள்ள விஷாகா அக்காவுக்கு,

கண்மணி எழுதுகிறேன். ஃப்ரீமான்ட்டில் நீயும் மாமாவும் கௌசிக்கும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். பாகு காய்ச்சும் கொட்டகையில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கிறது. அங்கே இப்போது எந்நேரமும் மதன் என் கூடவே இருக்கிறார்.

இங்கே பனி இன்னும் போகவில்லை. இரவில் உறைந்து பகலில் இளகினால்தான் மேப்பிள் மரத்தில் நீர் இறங்கும், நம் ஊரில் பனையிலிருந்து தெளுவு இறங்குகிற மாதிரி. வருஷத்துக்கு ஐந்தாறு வாரம்தான். நாற்பது லிட்டரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. பிப்ரவரியிலிருந்து நான் கேட்டைத் தாண்டவில்லை. இருக்கிற ஒரே டிரக்கில் அவர் நீர் எடுக்கக் காட்டுக்குள் போய்விடுவார்.

அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. கடையில் வாங்கிய பாகில் சோளச் சர்க்கரையும் சாயமும்தான் என்று பார்த்துவிட்டு ஐடி வேலையையே விட்ட மனிதர். சொன்னபடி நடக்கிறார். பாகு பொங்கும்போது மற்றவர்கள் துளி வெண்ணெய் விடுவார்கள், அடங்கிவிடும். அதுவும் கலப்படம் என்கிறார் இவர். அதனால் காலை ஏழு மணியிலிருந்து நான் கரண்டியோடு நின்று நுரை அள்ளுகிறேன். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை, அக்கா. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன்.

பிரீத்தியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. போன செவ்வாய்க்கிழமை வகுப்பில் யாருக்கோ பிறந்தநாள், கப்கேக் கொடுத்திருக்கிறார்கள். இவள் பாதியைக் கையுறைக்குள் ஒளித்து வைத்து, ஸ்கூல் பஸ்ஸில் நக்கித் தின்றிருக்கிறாள். கையுறையில் ஊதாக் க்ரீமைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. மடியில் உட்கார வைத்து, அதில் என்னென்ன சேர்க்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொன்னார். “ஓகே அப்பா, ஐ வோன்ட் ஈட்” என்றாள். அதிலிருந்து எதைத் தட்டில் வைத்தாலும் “வாட்ஸ் இன் இட், அம்மா?” என்று கேட்கிறாள். தயிர்ச்சோற்றைக்கூட. பாதிக்கு மேல் சாப்பிடுவதில்லை. ஏழு வயதுதான் ஆகிறது.

வியாழக்கிழமை மதியம் அவர் காட்டில் இருந்தார். பாகு பதத்துக்கு வரும் நேரம். நுரை எழும்பியது. கரண்டி என் கையில்தான் இருந்தது. நான் அள்ளவில்லை. பொங்கி வழிந்து, வற்றி, காய்ச்சும் தட்டு கருகிப் புகை கிளம்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த வருஷ வேலை இத்தோடு முடிந்துவிடும், வெளியே போகலாம் என்று ஒரு எண்ணம். உன்னைத் தவிர யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

புகையைப் பார்த்து ஓடி வந்தவர் முதலில் என் கையைத்தான் பிடித்துப் பார்த்தார். “உன்னயத் தனியா நிக்க வெச்சது என்ற தப்பு, கண்மணி. இனிமே நானும் பக்கத்துலயே இருக்கறேன்” என்றார். நான் அசந்துவிட்டதாக நம்புகிறார். மறுநாளே பக்கத்துப் பண்ணையிலிருந்து பழைய தட்டு ஒன்றை இரவல் வாங்கி வந்து பொருத்திவிட்டார். நீர் எடுக்கப் பக்கத்துப் பண்ணைக்காரரின் மகன் வருகிறான். இப்போது நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று நுரை அள்ளுகிறோம். அவ்வப்போது எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தருகிறார்.

நீ ஒரு தடவை வந்து போ. நெவார்க்கில் இறங்கி, கார் வாடகைக்கு எடுத்துக்கொண்டு வா. என்னையும் பிரீத்தியையும் உன் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்று சொன்னால் உன்னிடம் மறுக்க மாட்டார். அவளுடைய தடுப்பூசி அட்டை, எங்கள் பாஸ்போர்ட் எல்லாம் ஒரே பையில் இருக்கின்றன. வெயில் வந்து மரத்தில் மொட்டு விடுவதற்குள் வந்துவிடு. மொட்டு விட்டால் வேலை நின்றுவிடும். அப்புறம் அவரும் கூடவே கிளம்பி வருவார்.

எத்தனை நாளைக்கு என்று கேட்பார். அதற்கு மட்டும் பதில் சொல்லாதே, அக்கா.

உன் தங்கை,
கண்மணி