முதல் வகுப்பில் என் இடம்

ஸ்கார்விக், டிசம்பர் 11

அன்பு மகள் பிரெத்துக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம், லிஸ்பனில் உன் உடம்பும் வேலையும் நல்லபடியாக இருக்கும் என்று நம்புகிறேன். சூரியன் போய் இரண்டு வாரம் ஆகிறது, இனி ஜனவரியில்தான் உதிக்கும். மீன் ஆலையில் வேலை அதிகம், அம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, மருந்து தடவச் சொன்னால் என் பேச்சைக் கேட்பதில்லை, நீ ஒரு வார்த்தை சொல். உன் தங்கை ரிஸ்தெனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, அதை ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிகிறாள். நான் வழக்கம்போல விடியுமுன் பனி தள்ளும் வண்டியை எடுத்துவிடுகிறேன். பள்ளி வேலி இப்போதே பாதி மூடிவிட்டது, ஜனவரிக்குள் முழுதும் மூடும் போலிருக்கிறது.

போன மாதம் போனில் கோபப்பட்டாய். "ஊரே சிரிக்குதாமே, இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா இது" என்றாய். போனில் எனக்குப் பேச வராது. நடந்ததை முழுதாக எழுதுகிறேன், படித்துவிட்டு வேண்டுமானால் மறுபடி திட்டு.

அக்டோபர் கடைசியில், பள்ளியில் நம் பழங்குடி முன்னோரின் சாமே மொழி வகுப்பை நிறுத்தப்போவதாகக் கடிதம் வந்தது. அந்த வகுப்பு வேண்டும் என்று ரிஸ்தெனுக்காக எழுதிக் கொடுத்திருந்தது இந்த ஊரில் நாங்கள் மட்டும்தான். நேரே பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியர் ஆர்ன்ஃபின் கெட்ட மனிதர் அல்ல, உட்காரவைத்துக் காப்பி கொடுத்துத்தான் சொன்னார். "ஒரே ஒரு குழந்தை, பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்ல. அதுக்காக டீச்சர் வாரத்துல ரெண்டு நாள் அறுபது கிலோமீட்டர் பனியில வர்றாங்க. கம்ப்யூட்டர்ல படிச்சுக்கட்டுமே" என்றார். விடுதிப் பள்ளியில் அந்த மொழியில் பேசியதற்காக என் அப்பாவை அடித்தார்கள் என்பது உனக்குத் தெரியும். எங்களுக்கும் அடி விழக்கூடாது என்று அவர் வீட்டில் ஒரு சொல்கூட அதில் பேசாமலே செத்துப்போனார். அதையெல்லாம் ஆர்ன்ஃபினிடம் நான் சொல்லவில்லை. "துணைதானே வேணும், நான் வர்றேன்" என்றேன். அவர் சிரித்தார். "உங்களுக்கு அம்பத்திரண்டு வயசு, நில்லாஸ்." "எனக்கும் ஒரு எழுத்து தெரியாது, நானும் ஒண்ணாம் வகுப்புதான். இந்த வயசுக்கு மேல வரக்கூடாதுன்னு எங்க எழுதியிருக்குன்னு காட்டுங்க" என்றேன். இரண்டு நாள் தேடியிருக்கிறார் பாவம், எங்கும் இல்லை. கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்போம் என்று விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து செவ்வாயும் வியாழனும் பத்து மணிக்கு வண்டியைப் பள்ளி முற்றத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போகிறேன். அந்தச் சின்னப் பிள்ளைகள் நாற்காலி என்னைத் தாங்காது, ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்காருகிறேன். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு "பெரிய பாப்பா வந்துட்டாரு" என்று கத்தும். ஆசிரியை மாரெத்தும் எனக்குச் சலுகை காட்டுவதில்லை, "நில்லாஸ், ரிஸ்தெனைப் பாத்து எழுதக் கூடாது" என்று அதட்டுவாள். ஆலையில் கேலி பேசினார்கள் என்று அம்மா பத்து நாள் என்னோடு பேசவில்லை. எல்லாரையும்விட மோசம் கடைக்காரன் தோர்லெய்ஃப். கடை நிறைய ஆள் இருக்கும்போது, "அடுத்து மான்தோல் போத்திக்கிட்டு வருவாரு பாருங்க. நல்லவேளை, எங்க வீட்ல அந்த ரத்தம் ஒரு சொட்டு கிடையாது" என்றான். அவன் அப்பாவைப் பெற்றவள் சாமேக்காரிதான் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். நான் காப்பித்தூளை எடுத்துக்கொண்டு வந்தேன். வியாழக்கிழமை வகுப்புக்கும் போனேன்.

போன வாரம் அதே தோர்லெய்ஃபின் மகள், மூன்றாம் வகுப்பில் படிக்கும் குன்வோர், தன் வகுப்பிலிருந்து எழுந்து எங்கள் அறைக்கு வந்து ரிஸ்தென் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நானும் படிக்கணும்" என்றாள், அவ்வளவுதான், எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். மாரெத் அவள் அப்பாவுக்குப் போன் செய்யவேண்டியதாயிற்று. கடை ஏப்ரனோடு, தலையில் பனியோடு வந்து வாசலில் நின்றான். மாரெத் அவனைப் பார்க்காததுபோல ஒரு கம்பளிக் கையுறையைத் தூக்கிக் காட்டி இதற்குப் பெயர் என்ன என்று கேட்டாள். ரிஸ்தென் மறந்துவிட்டாள். எனக்குத் தெரியவே தெரியாது. வாசலிலிருந்து "ஃபாஹ்ட்சா" என்று குரல் வந்தது. சொன்னவன் தோர்லெய்ஃப். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவனுக்கே தெரிந்தது, காது வரை சிவந்துவிட்டான். குன்வோர் திரும்பி, "அப்பா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். தலையிலிருந்த பனியைத் தட்டிவிட்டான். "சின்ன வயசுல நான் வெளிய கிளம்பும்போதெல்லாம் கேப்பாங்க, ஃபாஹ்ட்சா போட்டுக்கிட்டியான்னு" என்றான். யார் கேட்டார்கள் என்று சொல்லவில்லை. மகளைக் கூட்டிப்போக வந்தவன் கூட்டிப்போகாமலே போனான். திங்கட்கிழமை அவன் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் பள்ளிக்கு வந்துவிட்டது. என்னோடு இன்னும் பேசவில்லை, பேசாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

நேற்று ஆர்ன்ஃபின் கூப்பிட்டு, இரண்டு குழந்தைகள் ஆகிவிட்டதால் வகுப்பு ஜூன் வரை உண்டு, "நீங்க இனிமே சிரமப்பட வேண்டாம்" என்றார். "நான் ஒரு நாளாவது லீவு போட்டிருக்கேனா? எந்தத் தப்புக்காக என்னை அனுப்புறீங்க?" என்று கேட்டேன். வகுப்பை விட்டு நான் போவதாக இல்லை.

இந்த மொழியால் என்ன பிரயோஜனம் என்று கேட்டாய். எனக்குத் தெரியாது, பிரெத். என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அதற்கு யாருக்கும் காரணம் சொல்லப் போவதில்லை, உனக்கும்கூட.

நன்றாக இரு மகளே, நேரத்துக்குச் சாப்பிடு, எந்த நல்லதும் உன்னைத் தாண்டிப் போகாமல் இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது கனமான காலணி எடுத்து வா, போன தடவைபோல அந்த மெல்லிய செருப்போடு வந்து இறங்காதே. எப்போது வேண்டுமானாலும் போன் செய். செவ்வாய், வியாழன் பத்திலிருந்து பதினொன்று வரை மட்டும் வேண்டாம். வகுப்பில் இருப்பேன்.

உன் அப்பா
நில்லாஸ்