தெற்குப் பூசணி, மேற்குப் பூசணி

இன்று காலை சந்தையில் ஒரு சாம்பல் பூசணியைத் தூக்கியதும் என் வாய் தானாக "துங்க்வா" என்றது. கடைக்காரப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சீனத்தில் அது குளிர்காலப் பூசணி. பரங்கிக்காய் தெற்குப் பூசணி, தர்பூசணி மேற்குப் பூசணி. இதைப் படித்த அன்று நீ பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ கிழக்குக்கு என்னடி ஆச்சு?" என்றாய். எனக்கு இன்னும் தெரியாது.

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒன்றாக வளர்ந்தவர்கள் நாம். நான் வங்கியில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றேன். நீ தார்நாகா ஆய்வுக்கூடத்தில் மண்ணை ஆராய்ந்தாய். சீனாவில் இருக்கும் ஒரு மண் விஞ்ஞானியோடு பல வருடம் வேலை செய்தாய். எப்போது பேசினாலும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பார். "ஒரே ஒரு தடவை, நடுவுல ஆள் இல்லாம அவரோட மண்ணைப் பத்திப் பேசணும்டி" என்பாய். ஓய்வு பெற்றதும் அதற்காகவே இணையத்தில் சீனம் படிக்கத் தொடங்கி, துணைக்கு என்னையும் இழுத்தாய்.

சொல்லிக்கொடுத்த சென்னைப் பெண் விமான நிலையம், ஹோட்டல் என்று ஆரம்பித்தாள். "ஹோட்டல் நக்கோம்மா, வேண்டாம். நாத்து, எரு, வாய்க்கால், அதெல்லாம் சொல்லிக் குடு" என்றாய். அவள் சிரித்துக்கொண்டே பாடத்தை மாற்றினாள். அதனால் நமக்கு மக்கிய எரு என்று சொல்லத் தெரியும். தண்ணீர் பாட்டில் கேட்டு வாங்கத் தெரியாது.

ஒருநாள் "முலாம்பழ வயல், பிளம் மரத்தடி" என்றொரு மரபுத்தொடர் வந்தது. அங்கே குனிந்தாலோ கையைத் தூக்கினாலோ திருட வந்ததாக நினைப்பார்களாம். சந்தேகத்துக்கு இடமான இடம் என்று பொருள். "குனியாம மண்ணை எப்படிப் பாக்கறது?" என்று அந்தப் பெண்ணிடம் சண்டைக்குப் போனாய். அடுத்த வாரமே விகாராபாத் போகும் வழியில் காரை நிறுத்தச் சொல்லி, ஒரு தர்பூசணி வயலில் இறங்கி, வழக்கம்போல் மண்ணைக் கிள்ளி முகர்ந்தாய். தூரத்திலிருந்து ஒருவர் தெலுங்கில் கத்திக்கொண்டே கம்போடு ஓடி வந்தார். நீ கையிலிருந்த மண்ணைக் காட்டினாய். பிறகு அவர் வயலில் சுண்ணாம்பு கூடுதலா குறைவா என்று அவரோடே பேசிக்கொண்டு நின்றாய். காரில் ஏறியதும், "ஹவ் டி, ஆமா, சீனாக்காரன் சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாய்.

கடைசியில் அந்தச் சீன விஞ்ஞானியோடு பேச நாள் குறித்தாயிற்று. மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று நீயே எழுதியிருந்தாய். அதற்கு முந்தைய வாரம் தூக்கத்திலேயே போய்விட்டாய். ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி அவருக்குச் செய்தி சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. குறித்த நேரத்துக்கு உன் கணினி முன்னால் நான் உட்கார்ந்தேன். திரையில் நரைத்த தலையோடு அவர் தனியாக வந்தார். எனக்குப் பின்னால் உன்னைத் தேடினார்.

சாவுக்கான சொல்லை அன்று காலைதான் அகராதியில் பார்த்து வைத்திருந்தேன். அது வாயில் வரவில்லை. நாம் படித்த சொற்களை வைத்தே, "அவள் இனி வயலுக்கு வர மாட்டாள்" என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் அழுதுவிட்டேன்.

கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, எனக்குப் புரியவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "நீங்கள் இருக்கும் இடத்தில் மண் எப்படி?" என்று கேட்டார். கேள்வி முழுவதும் புரிந்தது. பதில்தான் தெரியவில்லை. கொண்டாப்பூரில் இத்தனை வருடம் இருந்தும் நான் மண்ணைப் பார்த்ததே இல்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன்.

இப்போது வாராவாரம் பேசுகிறோம், நடுவில் ஆள் இல்லாமல். அவர் கேட்பதில் பாதிக்கு நான் விசாரித்துத்தான் பதில் சொல்கிறேன். நேற்று பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டுகிற மேஸ்திரியிடம், எவ்வளவு ஆழத்தில் மண் நிறம் மாறுகிறது என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஏணியைப் பிடித்துக்கொண்டு, என்னை இறங்கிப் பார்க்கச் சொன்னார். இறங்கினேன். மேலே சிவப்பு, ஆள் உயரத்துக்குக் கீழே வெளிறிய மஞ்சள். ஏன் அப்படி என்று இந்த வாரம் திரையில் அவர் நிச்சயம் கேட்பார். நீ இருந்தால், குழிக்குள் இருந்தபடியே உனக்குப் போன் போட்டிருப்பேன்.